புரியாதது யார் குற்றம்?

நம் ஊர்களில் ஒரு பையனோ பெண்ணோ வைத்தியம் படிக்கப் போவதாகச் சொன்னால் ஊரே மெச்சுகிறது. என்ஜினீயர் படிப்பு என்றால் நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறார்கள். ஆனால் அதே பிள்ளை கிராபிக் டிசைன், கம்யூனிகேஷன் டிசைன் என்று சொல்லப்படுகிற படிப்பைச் சர்வகலாசாலையில் படிக்க விரும்புவதாகச் சொன்னால், "போர்டு எழுதுவதற்கு நாலு வருஷமா? சுவரில் படம் போடுகிறவன் எந்தப் பட்டம் வாங்கினான்?" என்று வீட்டிலுள்ளோர் கேட்கிறார்கள். இப்படிக் கேட்கிறவர்கள் பிள்ளையின் மேல் அன்பில்லாதவர்கள் அல்ல. அந்தப் படிப்பு இன்னதென்று அவர்களுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை என்பதே காரணமாகும். ஆகவே இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சிறிது விரிவாகவே சொல்ல விரும்புகின்றோம்.

முதலாவதாக, இது படம் போடும் படிப்பு என்பதே தப்பபிப்பிராயமாகும். படம் வரையத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அது இதில் ஒரு சிறு பகுதியே. ஒரு செய்தியை, அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவரின் கண்ணுக்கும் புத்திக்கும் தடையில்லாமல் போய்ச் சேரும்படி அமைப்பது எப்படி என்பதே இந்தப் படிப்பின் சாரம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், வரிக்கு வரி எவ்வளவு இடம் விடவேண்டும், எதை முதலில் சொல்லி எதைப் பின்னால் சொல்லவேண்டும், எந்த இடத்தில் படம் போதும், எந்த இடத்தில் படம் போதாது, எந்த நிறத்தின்மேல் எந்த நிறம் தெரியும், கண் மங்கின கிழவர் படிப்பாரா, எழுத்துக்கூட்டிப் படிக்கும் கூலிக்காரர் படிப்பாரா, ஓடுகிற வண்டியிலிருந்து பார்க்கிறவர் படிப்பாரா என்பவைகளெல்லாம் அங்கே பாடங்கள். பத்திரிகை, புத்தகம், சர்க்கார் பாரம், மருந்துச் சீட்டு, ரயில் அட்டவணை, சாலைப் பலகை, கைப்பேசித் திரை ஆகிய இத்தனையும் அதற்குள் அடங்கும்.

இந்தப் படிப்புக்கு ஆணிவேராக ஒரு கொள்கை உண்டு. செய்தவனுக்கு விளங்குவது ஒரு அதிசயமல்ல. பார்க்கிறவருக்கு விளங்காவிட்டால் குற்றம் செய்தவனுடையதே ஒழியப் பார்த்தவருடையதல்ல என்பதே அது. இந்த ஒரு கொள்கைக்காகவே இந்தப் படிப்பை நாம் மதிக்கின்றோம்.

ஏனெனில் நம் நாட்டு வழக்கம் இதற்கு நேர்மாறானது. பத்திரம் விளங்கவில்லை என்றால் "உனக்குச் சட்டம் தெரியாது" என்கிறார்கள். பாரம் விளங்கவில்லை என்றால் "படிப்பில்லாதவன்" என்கிறார்கள். மந்திரம் விளங்கவில்லை என்றாலோ, விளங்காததுதான் அதன் மகிமை என்றே சொல்லிவிடுகிறார்கள். இப்படி எங்கெங்கே விளங்காமை இருக்கின்றதோ அங்கெல்லாம் நடுவில் ஒருவர் முளைத்து, விளக்கிச் சொல்லுவதற்கென்று கூலி வாங்குகிறார். தாலுகா ஆபீசு வாசலில் பாரம் பூர்த்தி செய்து கொடுத்துப் பிழைக்கிறவரை நாம் குற்றம் சொல்லவில்லை. அவர் இல்லாமல் ஒரு குடியானவரால் தன் பெயரையும் நிலத்தின் எண்ணையும் எங்கே எழுதுவதென்று கண்டுபிடிக்க முடியாதபடி அந்தப் பாரத்தைச் செய்தவரைத்தான் குற்றம் சொல்லுகின்றோம். விளங்காத பாரம் ஒரு வகை வரி. அதை ஏழைகளே கட்டுகிறார்கள்.

இது வெறும் சௌகரிய அசௌகரிய விஷயந்தானே என்று யாராவது நினைப்பார்களானால், 2000-ம் வருஷத்தில் அமெரிக்காவில் நடந்ததை அவர்கள் கவனிக்கட்டும். அவ்வருஷம் ஜனாதிபதி தேர்தல். புளோரிடா மாகாணத்தில் பாம் பீச் என்கின்ற ஜில்லாவில் அபேட்சகர் பட்டியல் நீளமாயிருந்தது. வயதானவர்கள் அதிகமாதலால் எழுத்தைப் பெரிதாகப் போடவேண்டுமென்ற நல்லெண்ணத்துடன், பெயர்களை இடப்பக்கம் ஒரு வரிசையும் வலப்பக்கம் ஒரு வரிசையுமாக அச்சிட்டு, குத்தவேண்டிய துளைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். இடப்பக்கத்தில் முதற்பெயர் புஷ். இரண்டாம் பெயர் கோர். ஆனால் நடுவரிசையில் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் முதலில் இருந்த புகானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாவது துளை! இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்று நினைப்பது முட்டாள்தனமா? யாரும் அப்படித்தானே நினைப்பார்கள்? அந்த ஜில்லாவில் புகானனுக்கு 3,400-க்கு மேல் ஓட்டு விழுந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட துளை குத்தப்பட்டதால் 19,000-க்கு அதிகமான சீட்டுகள் செல்லாமற் போயின. மாகாணம் முழுவதிலும் சேர்த்துப் புஷ் ஜெயித்தது வெறும் 537 ஓட்டினால். அந்த மாகாணமே நாட்டின் ஜனாதிபதி யாரென்பதைத் தீர்மானித்தது. கோருக்குப் போட நினைத்துப் புகானனுக்குக் குத்தியவர்கள் அந்த 537-ஐ விட அதிகம் என்று, பின்னால் கணக்கை ஆராய்ந்த அரசியல் அறிஞர்கள் முடிவு சொன்னார்கள்.

இங்கே கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, எழுத்தும் பெரிதுதான். ஆனால் அமைப்பு தவறு. அச்சாபீசுக்கு அனுப்புமுன் பத்துக் கிழவர்களை உட்காரவைத்துச் சீட்டைக் கொடுத்துக் குத்தச் சொல்லிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் குறை வெளிப்பட்டிருக்கும். அப்படிப் பார்ப்பதைத்தான் இந்தப் படிப்பு ஒரு கடமையாகக் கற்பிக்கின்றது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணமும் உண்டு. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது ஓட்டர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்காக அவர்களை ஓட்டுச் சாவடிக்கு வெளியே நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு அபேட்சகருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியின்மேல் ஒரு சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்துத் தெரியாதவருடைய ஓட்டும் எம்.ஏ. படித்தவருடைய ஓட்டும் சமமாயின. மனிதனை முறைக்குத் தக்கபடி வளைக்காமல் முறையை மனிதனுக்குத் தக்கபடி வளைப்பது என்பது இதுதான்.

நிற்க. இவ்வறிவு எங்கே எப்படி வளர்ந்தது என்பதையும் நேயர்கள் அறியவேண்டும். ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரத்தில் 1925-ல் ஓட்டோ நியூராத் என்கின்ற அறிஞர் சமுதாய, பொருளாதார மியூசியம் ஒன்றை ஏற்படுத்தினார். வாடகை எவ்வளவு, வேலையில்லாதவர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை இறந்தன என்கின்ற புள்ளிவிவரங்கள் அதிகாரிகளின் புத்தகங்களில் அடைபட்டுக் கிடந்தால் தொழிலாளிக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டு, அவைகளைப் படங்களாக மாற்றிச் சுவரில் மாட்டினார். அதில் ஒரு கண்டிப்பான விதி: தொகை அதிகமானால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது; ஒரே அளவான படங்களை அதிகமாக அடுக்கவேண்டும். ஏனெனில் இரண்டு மடங்கு உயரமாக ஒரு மனிதனை வரைந்தால் அகலமும் இரண்டு மடங்காகி, கண்ணுக்கு நாலு மடங்காகத் தோன்றும். இரண்டை நாலாகக் காட்டுவது பொய் சொல்வதாகும் அல்லவா?

அந்த வேலையில் நிபுணருக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்று, எதைக் காட்டவேண்டும், எதை விடவேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பை வகித்தவர் மேரி ரைடமைஸ்டர் என்கின்ற பெண்மணி. அந்த உத்தியோகத்துக்கு அவர்கள் வைத்த பெயருக்கு "மாற்றித் தருபவர்" என்று அர்த்தம். 1934-ல் வியன்னாவில் அடக்குமுறை வந்தபோது அவர்கள் ஹாலந்துக்குப் போனார்கள். 1940-ல் அங்கேயும் ஹிட்லர் படை வர, படகேறி இங்கிலாந்து சேர்ந்தார்கள். அங்கே நியூராத்தை மணந்த அந்த அம்மையார், 1945-ல் அவர் இறந்த பின்னும் வேலையை விடவில்லை. 1950-களில் ஆப்பிரிக்காவில் மேற்கு நைஜீரியா மக்களுக்காக ஓட்டுப் போடும் முறை, சுகாதாரம் முதலியவைகளைப் பற்றிப் படப் புத்தகங்கள் செய்து கொடுத்தார். அவர்களுடைய தொகுப்பு இன்று இங்கிலாந்தில் ரெடிங் சர்வகலாசாலையில் இருக்கின்றது. அங்கே 1968-லேயே அச்செழுத்துக் கலை ஒரு பட்டப் படிப்பாக ஏற்பட்டுவிட்டது.

அதே இங்கிலாந்தில் 1957-ல், புதிய பெருஞ்சாலைகளுக்குப் பலகைகள் எப்படி இருக்கவேண்டுமென்று யோசிக்க ஒரு கமிட்டி ஏற்பட்டது. வேலையைச் செய்தவர்கள் ஜாக் கின்னேர் என்பவரும், அவரிடம் கலாசாலையில் மாணவியாயிருந்த மார்கரெட் கால்வெர்ட் என்பவரும் ஆவார்கள். பெயர்களைப் பெரிய எழுத்திலேயே எழுதுவதுதான் கௌரவம் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். வாதம் எதற்கு, சோதித்துப் பார்ப்போம் என்று பலகைகளை வைத்து எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க முடிகிறதென்று சோதித்தார்கள். 1958-ல் பிரெஸ்டன் ஊரைச் சுற்றிப் போட்ட சாலையில் அப்பலகைகள் முதலில் நின்றன. 1965-ல் நாடு முழுவதற்குமான புது முறை அமுலுக்கு வந்தது.

அதில் ஒரு சிறு படத்தை மட்டும் சொல்லுகின்றோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பழைய பலகையில், உயர்ந்த பள்ளிக்கூடத்துத் தொப்பி வைத்த ஒரு பையன் ஒரு சிறு பெண்ணை அழைத்துப் போவதாக வரைந்திருந்தது. கால்வெர்ட் அம்மையார் தொப்பியை எடுத்துவிட்டு, ஒரு பெண் ஒரு சிறு பையனைக் கையைப் பிடித்து அழைத்துப் போவதாக மாற்றினார். சொல்லவேண்டிய செய்தி அதேதான்: குழந்தைகள் வருகிறார்கள், வண்டியை மெதுவாக ஓட்டு! ஆனால் குழந்தை என்றால் உயர்ந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான் என்பதும், ஆண்தான் வழிகாட்ட வேண்டுமென்பதும் ஒரு வரி எழுதாமலே ஒழிந்துபோயின. மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதை ஒரு பலகை சத்தமில்லாமல் தினந்தோறும் செய்கின்றதென்றால், அதைச் செய்யும் கல்வியை அலட்சியம் செய்யலாமா என்று கேட்கின்றோம்.

இனி, இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளைப் பார்ப்போம்.

"இது பிறவியிலேயே வரவேண்டும்; கைராசி வேண்டும்; கலைமகள் கடாட்சம் வேண்டும்; பள்ளிக்கூடத்தில் வருமா?" என்பது ஒன்று. பிறவியைக் காட்டி ஒரு அறிவை ஒரு கூட்டத்துக்குச் சொந்தமாக்குவதை நாம் அதிகம் பார்த்தாகிவிட்டது. வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி வேண்டுமென்பது கடாட்சத்தால் வருவதல்ல. அளந்து, அச்சிட்டு, படிக்கச் சொல்லிக் கேட்டு, திருத்தி அறிவது. அளந்து அறியக்கூடியது எதுவோ அது கற்பிக்கக்கூடியது. கற்பிக்கக்கூடியது எதுவோ அது எல்லோருக்கும் பொது.

"லண்டன் சுரங்க ரயிலுக்குப் புகழ்பெற்ற வழிப்படம் போட்ட ஹாரி பெக் எந்தப் பட்டம் வாங்கினார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் ரயில் கம்பெனியில் வரைபடம் போட்டுவந்த தொழிலாளி. பூமிக்கு அடியில் போகிறவனுக்கு மேலேயுள்ள தெருவின் வளைவும் மைல் கணக்கும் எதற்கு, எந்த ஸ்டேஷனில் வண்டி மாறவேண்டும் என்பதல்லவா வேண்டும் என்று யோசித்து 1931-ல் அதை வரைந்தார். 1933-ல் அது பொதுஜனங்கள் கைக்கு வந்தது. அதன் பிறகும் பல வருஷங்கள் அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். பட்டமில்லாமல் அறிவு வராதென்று நாம் சொல்லவில்லை. ஒரு பெக் தனியே அடைந்ததை நூறு பிள்ளைகள் நாலு வருஷத்தில் முறையாக அடைவதற்கு வழி இருக்கும்போது, ஆயிரத்தில் ஒருவர் தாமாக வரட்டும் என்று காத்திருப்பது எதற்கு என்றே கேட்கின்றோம்.

இன்னொரு ஆட்சேபணை சற்றுக் கனமானது. "இப்படிப்பு கடைசியில் வியாபாரிக்கு விளம்பரம் செய்து கொடுப்பதற்குத்தானே உதவுகிறது? முகத்தை வெள்ளையாக்கும் களிம்புக்கும், ஜோசியக்காரனுக்கும், தாயத்து விற்கிறவனுக்கும் பகட்டாக நோட்டீஸ் போடுவதற்குத்தானே?" என்கிறார்கள். உதவுகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. கத்தி வைத்தியனுக்கும் உதவும், திருடனுக்கும் உதவும். ஹிட்லர் ஆட்சி கொடி, சின்னம், சுவரொட்டி ஆகியவைகளின் பலத்தை நன்றாய் அறிந்து, ஒரு நாட்டையே மயக்கியது. ஆனால் அதே ஜெர்மனியில் அதற்குப் பதிலாக என்ன நடந்ததென்று பாருங்கள். ஹிட்லரை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் வழங்கியதற்காக ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்கின்ற அண்ணன் தங்கை இருவரும் 1943 பிப்ரவரியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய அக்காள் இங்கே ஷோல், ஓட்டல் ஐஷர் என்பவரோடும் மாக்ஸ் பில் என்பவரோடும் சேர்ந்து, உடன்பிறந்தவர்களின் நினைவாக ஏற்பட்ட தர்ம நிதியைக் கொண்டு உல்ம் நகரத்தில் ஒரு கலாசாலை நிறுவினார். எதற்கு? டிசைன் படிப்பதற்கு! 1953 முதல் 1968 வரை நடந்த அக்கலாசாலையில் கண்ணால் செய்தி உணர்த்துவதற்கென்றே ஒரு பகுதி இருந்தது. துண்டுப் பிரசுரத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவுக்கு இதைவிடப் பொருத்தமான காரியம் எது?

மேலும், ஏமாற்றுகிறவன் இதைப் படித்துத்தான் இருக்கிறான். நாம் படிக்காதிருந்தால் அவன் விட்டுவிடுவானா? கடன் பத்திரத்தில் வட்டியைப் பொடி எழுத்திலும் "இலவசம்" என்பதைக் கொட்டை எழுத்திலும் போடுவது தற்செயலல்ல என்பதை, எழுத்தின் வேலை தெரிந்தவர்கள் எளிதில் கண்டுபிடித்துச் சொல்லுவார்கள். பூட்டுத் தெரிந்தவன்தானே கள்ளச் சாவியைக் காட்டிக் கொடுக்க முடியும்?

சரி, இப்படிப்பு நம் நாட்டில் இல்லையா? இருக்கின்றது. சர்க்கார் அழைப்பின் பேரில் அமெரிக்காவிலிருந்து வந்த ஈம்ஸ் தம்பதிகள் 1958-ல் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் பெரிதும் மெச்சியது அரண்மனையையல்ல, கோபுரத்தையுமல்ல. நம் வீட்டுச் செம்பை! எவ்வளவு தண்ணீர் கொள்ளும், தலையிலும் இடுப்பிலும் எப்படி நிற்கும், எப்படி ஊற்றும், கழுவக் கை நுழையுமா, விலை என்ன என்றெல்லாம் கேட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியுமென்று காட்டினார்கள். அதன் பலனாக 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய டிசைன் கலாசாலை ஏற்பட்டது. 1969-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஒரு டிசைன் நிலையம் ஏற்பட்டது. சென்னையில் 1850-ல் ஹண்டர் என்கின்ற டாக்டர் ஆரம்பித்த கலைப் பள்ளிக்கூடம் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருந்து, கண்வழிச் செய்தி உணர்த்தும் பாடத்தில் பட்டமும் கொடுக்கின்றது.

ஆனால் வாசலைப் பாருங்கள். ஐ.ஐ.டி.களின் டிசைன் வகுப்பில் சேருவதற்கான பரீட்சைக் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கின்றது. விளங்காவிட்டால் குற்றம் செய்தவனுடையது என்று உள்ளே கற்பிக்கிறவர்கள், வாசற்படியில் பாதிப் பேருக்கு விளங்காத பாஷையில் கேள்வி போடுவது என்ன நியாயம்? தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அந்த இடத்தைக் கேட்டுப் போவதற்கு, இப்படி ஒரு படிப்பு இருப்பதாவது கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தெரியவேண்டாமா? படிப்பு முடிவதற்குள் செலவு லட்சக்கணக்கில் ஆகும் என்றால் நெசவாளியின் மகள் என்ன செய்வாள்? கேள்விகளைத் தமிழிலும் மற்றத் தாய்மொழிகளிலும் கொடுக்கவேண்டும். ஏழைகளுக்குச் சம்பளத்தைத் தள்ளவேண்டும். ஜில்லாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்திலாவது இதற்கு அடிப்படைப் பாடம் வைக்கவேண்டும் என்று நாம் கேட்கின்றோம்.

தமிழுக்கும் இதில் காரியம் இருக்கின்றது. ஜெர்மனியில் பௌஹவுஸ் கலாசாலையைச் சேர்ந்த ஹெர்பர்ட் பேயர் 1925-ல், ஒரே சத்தத்துக்குப் பெரிய எழுத்து ஒன்று சிறிய எழுத்து ஒன்று எதற்கு என்று கேட்டு, சிறிய எழுத்து மட்டுமே கொண்ட ஒரு எழுத்து வரிசை வரைந்தார். பத்து வருஷத்துக்குள் நம் நாட்டிலும் அவ்வகைக் கேள்வி எழுந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களுக்கு மட்டும் தனி வடிவமும் தனி அச்சும் எதற்கு என்று கேட்டு, 1935-ல் "குடி அரசு" பத்திரிகை அவைகளை மற்ற எழுத்துக்களைப் போலவே அச்சிட்டுக் காட்டியது. தமிழ்நாட்டு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது 1978-ல். இன்று குழந்தைகள் அவைகளை யாதொரு சிரமமுமின்றிக் கற்கிறார்கள்.

அச்சுக்கூடத்துக்கு அன்று நேர்ந்த கஷ்டம் இன்று கைப்பேசித் திரைக்கு நேர்கின்றது. தமிழ் எழுத்து அகலமானது. சுழியும் வளைவும் உடையது. மேலே கொக்கியும் கீழே வாலும் உடையது. ஆங்கில எழுத்துக்கு அளந்த இடத்தில் அதை அப்படியே திணித்தால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். அதைக் கண்டு திருத்த, தமிழைத் தினமும் படித்து எழுதுகிற பிள்ளைகள் இந்த அறிவைப் பெற்றுவரவேண்டும். வராவிட்டால், தமிழ் தெரியாதவர் செய்து கொடுத்ததைத் தமிழர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கவேண்டியதுதான்.

ஆதலால் பெற்றோர்களுக்கு நாம் சொல்லுவதாவது: இப்படிப்பைக் கேட்கும் பிள்ளையை, முக்கியமாகப் பெண் பிள்ளையை, தடுக்காதீர்கள். வாலிபர்களுக்குச் சொல்லுவதாவது: சேருவதானால் அழகுக்கென்று மட்டும் சேராதீர்கள். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிப் பலகை, ரேஷன் கடை நோட்டீஸ், பஸ் ஸ்டாண்டு அட்டவணை இவைகளில் ஒன்றை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒருவரிடம் காட்டி, எங்கே தடுக்குகிறார் என்று பார்த்துத் திருத்துங்கள். அதுவே முதற்பாடம்.

விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டே நம் மக்கள் தலைமுறை தலைமுறையாய்க் கைகட்டி நின்றார்கள். வெட்கப்பட வேண்டியவர் கேட்கிறவரல்ல, விளங்காமல் செய்தவரே என்று ஒரு படிப்பு சொல்லுமானால், அது மானத்தைக் கற்பிக்கும் படிப்பு என்பதே நமது அபிப்பிராயம்.